ரோஸ் வந்துச்சா, டோரி?

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. அன்றிரவு மைனஸ் ஒன்பதுக்கு இறங்கும் என்று வானொலி சொன்னது. கனடாவில், தண்டர் பே நகருக்கு வெளியே எங்கள் சாலையில் முக்கால்வாசி வீடுகளில், உள்ளேயே சமைத்துக் குளித்துத் தூங்கி ஊர் சுற்றும் கேம்பர் வேன் நிற்கிறது. அன்று எல்லோருக்கும் ஒரே வேலைதான். வேனுக்குள் இருக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வெளியேற்ற வேண்டும். மிச்சமிருந்தால் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்துவிடும். பிளந்தது பனி உருகும் ஏப்ரலில்தான் தெரியும்.

டோரின் லாத்தெலாவுக்கு அதோடு இன்னொரு கெடுவும் இருந்தது. திங்கட்கிழமைக்குள் அவர் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

டோரினுக்கு எழுபத்தொரு வயது. மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவரிடம் "உக்காருடா" என்று திட்டு வாங்கியவர்கள். கணவர் ரெய்னோ காகித ஆலையில் குழாய் பொருத்துபவராக இருந்தார். மூன்று வருடமாக அவருக்கு மறதி நோய். வசந்தத்தில் ஒருநாள் காலை, மூடிப்போன ஆலையின் வாசலில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் நின்றிருந்தார். நகரத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் இப்போது அவருக்கு ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வேண்டாம் என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

வேலியோரம் நின்று டோரின் என்னிடம் சொன்னார்: "வேன அவன் ஒழுங்கா மூடிட்டான்னு வையி, திங்கக்கிழம போன் பண்ணி வேணாம்னு சொல்லிடப் போறேன்."

வின்னிபெக்கில் இருக்கும் மகள் கார்லாவுக்கு இது பிடிக்கவில்லை. "என்னம்மா இது, அப்பாவுக்குப் பரீட்சையா வைக்கிற?"

"அவன் பேர மறப்பான், நாள மறப்பான். இத மறக்க மாட்டான். இது அவன் கையில இருக்குடி."

மதியம் காபிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் பிறகு இருவரும் வேனுக்குப் போனார்கள். கையில் இருக்கிறது என்று டோரின் சொன்னது பொய்யில்லை. ரெய்னோ முதலில் வெந்நீர் ஹீட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருக்கும்போது அடைப்பைக் கழற்றினால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். ஆறியிருந்தது. அப்புறம்தான் கழற்றினார். டேங்கைத் திறந்துவிட்டார். வேனின் அடிவயிற்றில் இருக்கும் இரண்டு திருகுகளையும் மல்லாந்து படுத்துத் திறந்தார்.

"எந்திரிக்க முடியுமா, இல்ல கிரேன் வரச் சொல்லவா?" என்று டோரின் கேட்டார்.

"நீ பஸ்ஸ வேலியில ஏத்துன அன்னைக்கி கிரேன் வந்துச்சே, அதையே கூப்பிடு."

அது நடந்து இருபது வருடம் இருக்கும். டோரின் சிரித்துவிட்டார். கண்ணும் நிறைந்தது. ஹீட்டருக்குப் போகும் வழியை அடைக்கும் சின்னப் பிடியைப் பலரும் மறந்துவிடுவார்கள். ரெய்னோ மறக்கவில்லை. யாரும் சொல்லாமலே திருப்பினார். 'இன்னும் ஒண்ணுதான், இன்னும் ஒண்ணுதான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டோரின் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றார்.

மிச்சமிருந்தது கடைசி வேலை. உறையாத திரவத்தை பம்ப் வழியாகக் குழாய்களுக்குள் ஏற்ற வேண்டும். அது ரோஸ் நிறத்தில் இருக்கும். வசந்தத்தில் அலசிவிட்டு அதே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம், ஒன்றும் செய்யாது. ரெய்னோ பின்கதவருகே பம்பின் நுனியைக் கேனில் முக்குவார். டோரின் உள்ளே ஒவ்வொரு குழாயாகத் திறப்பார். முதலில் தண்ணீர் வரும், பிறகு காற்று துப்பும், பிறகு நிறம் வரும். "ரோஸ் வந்துச்சா?" என்று அவர் கேட்பார். "ரோஸ்!" என்று இவர் கத்துவார். எங்கள் சாலை முழுக்க அக்டோபரில் கேட்கும் சத்தம் இது. கத்துவதில் லாத்தெலா வீட்டை யாரும் மிஞ்சியதில்லை.

ரெய்னோ கொட்டகைக்குப் போய்த் திரும்பி வந்தார். பம்ப் உறுமியது. டோரின் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. காற்று துப்பியது. அப்புறம் பச்சையாக வந்தது.

பச்சை என்றால் கூலன்ட். இன்ஜினுக்கு ஊற்றுவது. சுத்தமான விஷம், ஆனால் நாக்குக்கு இனிக்கும். பல வருடங்களுக்கு முன் இந்தச் சாலையில் சிந்திக் கிடந்ததை நக்கி ஒரு நாய் செத்தது. அன்றைக்கே ரெய்னோ தன் வீட்டுக் கூலன்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை உத்தரத்தில் ஆணியடித்து மாட்டினார். ரோஸ் கேன்கள் கொட்டகைத் தரையில், கண் எதிரே இருந்தன.

"ரோஸ் வந்துச்சா, டோரி?"

டோரின் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். பம்பை நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஏய், காது போச்சா? ரோஸ் வந்துச்சாங்கறேன்!"

"வந்துச்சு," என்றார்.

"கத்திச் சொல்லு! இப்படி முனகுனா எப்படி?"

"ரோஸ்!" என்று டோரின் கத்தினார்.

அடுத்தது சுடுதண்ணீர்க் குழாய். அதிலும் பச்சை. ரோஸ் என்றார். அடுத்து ஷவர், அப்புறம் கழிப்பறை. நான்கு இடத்திலும் பச்சை பாய்ந்தது. நான்கு தடவையும் ரோஸ் என்று சாலைக்கே கேட்கும்படி கத்தினார். வடிந்ததெல்லாம் வேனின் கழிவு டேங்கில் போய் விழுந்தது. வெளியே ரெய்னோ சீட்டியடிப்பது காதில் கேட்டது.

முடித்துவிட்டு டோரின் பின்பக்கம் வந்தார். காலிக் கேன் புல்லில் கிடந்தது. கேன்மேல் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது.

"இத எங்கருந்து எடுத்த, ரெய்னோ?"

"அலமாரியிலதான். பூட்டுல்ல வச்சிருந்தேன்! தரையில யாரோ எதையோ போட்டு வச்சிருந்தாங்க, அதத் தொடல. நல்லதத்தானே பூட்டி வைப்பேன்?" சாவியைத் தூக்கிக் காட்டினார். "எங்க மாட்டுனேன்னு ஞாபகம் இருந்துச்சு பாரு."

"இருந்துச்சே," என்று டோரின் அவர் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "சாவிய எங்கிட்ட குடு. கையக் கழுவலாம் வா. சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும்."

சனிக்கிழமை என்றால் சவுனாக் குளியல். கொல்லையில் இருக்கும் மரக் குடிலில் ரெய்னோ நீராவியில் உட்கார்ந்திருக்க, டோரின் வெளியறைப் பெஞ்சில் இருந்து மகளுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

ஆறு மாதமாக "சேத்துடும்மா, சேத்துடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த கார்லாதான் இப்போது உடைந்தாள். "ஒரே ஒரு தப்பும்மா. கேனு மாறிப் போறது யாருக்கும் நடக்கும். மீதியெல்லாம் சரியாச் செஞ்சாருன்னு நீயே சொல்ற."

"எல்லாம் சரியாத்தான் செஞ்சான்."

"அப்புறம் என்ன? அலமாரிய நாம காலி பண்ணிடலாம்."

"கார்லா, தெனமும் காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சு அவன்தான் காபி போட்டுத் தர்றான். எனக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சு நாளைக்கி எத எடுப்பான்? பாசமாத்தான் கொண்டாந்து குடுப்பான். நானும் குடிச்சிடுவேன்."

டோரின் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அவனும் ஒரு கப்பு ஊத்திப்பாண்டி. எங்கூட உக்காந்து குடிக்கத்தானே போடுறான்."

கதவுக்குப் பின்னால் ரெய்னோ கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார். சீறியது. "டோரி, உள்ள வரியா இல்லையா? ஆவி போவுது!"

"வரேன்," என்று குரல் கொடுத்தார் டோரின். போனில், "நீ லீவு போட முடியுமான்னு பாரு," என்றார்.

ஞாயிறு பகலில் ரெய்னோ தூங்கும் நேரமாகப் பார்த்து, எதிர் வீட்டுக்காரர் ஒருவரும் டோரினும் வேனிலிருந்த கூலன்டைக் கேன்களில் வடித்தார்கள். அந்தக் குழாய்களை இனிக் கழுவிப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார் அவர். மாற்ற வேண்டாம் என்று டோரின் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை இல்லத்துக்குப் போன் செய்தார். சரி என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரெய்னோவுக்கு இரண்டாம் மாடியில், ஏரிப் பக்கம் பார்த்த அறை. வியாழக்கிழமை கார்லா வின்னிபெக்கிலிருந்து வருகிறாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.