மச்சான் வாங்கிக் கொடுத்த வேலை

சிதம்பரத்துல ஃபிளைட் டிக்கெட் போடுற கடை வெச்சிருக்கேன். பறக்கறது அடுத்தவங்க, பிரஷர் ஏறுறது எனக்கு. கவுன்ட்டர்ல உக்காந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டினவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

சுத்திப் பாக்கற விசா

சலீம், டிகிரி முடிச்சவன், அம்மாவோட வந்தான். தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலையாம், கை நிறையச் சம்பளமாம், இன்டர்வியூவே கிடையாதாம். ஏஜென்ட் யாருடான்னா, கடலூர்ல இருக்கற அவன் அக்கா நஸ்ரினோட புருஷன். போன்ல விசாவைக் காட்டினான். டூரிஸ்ட் விசா! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "தம்பி, இதை வெச்சிக்கிட்டு வேலை செஞ்சா உள்ள தூக்கிப் போட்டுடுவான்"னு கத்தினேன். அவன் சிரிக்கிறான்.

"அதெல்லாம் அங்க போயி மாத்திக்கலாம்க்கா, மச்சான் பாத்துக்குவாரு."

கலெக்டர் வேலை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பறவன் அரசாங்கத்துல பதிவு பண்ணியிருக்கணும். கம்பெனி பேரு, சம்பளம் எல்லாம் எழுதின ஒப்பந்தம் கொடுக்கணும். இந்த ரெண்டையும் கேளுங்கன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். மருமவன்கிட்டப் போயி இதெல்லாம் எப்படிக் கேக்கறதுன்னாங்க. சரின்னு நானே அந்த மருமவனுக்குப் போன் போட்டேன். "டிக்கெட் போடறவ டிக்கெட்டப் போடு, கலெக்டர் வேலை பாக்காத"ன்னு கட் பண்ணிட்டான் திருட்டுப்பய. அந்தம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க.

"இனிமே எதுவும் கேக்காதம்மா, எம் பொண்ண வாழாவெட்டியாக்கிடுவான்."

போய் வந்தவர்

நான் விடுவேனா? செம்மங்குப்பத்துல கெமிக்கல் கம்பெனி வேலைக்குப் போற, எனக்குத் தெரிஞ்ச பிரபுவை வரச்சொல்லி சலீம் எதிர்ல உக்கார வெச்சேன். இதே 'கம்ப்யூட்டர் வேலை'க்குப் போயி உசுரோட தப்பி வந்தவர். இறங்கினதும் வேன்ல ஏத்தி எல்லை தாண்டிக் கொண்டுபோயி பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டானுங்களாம். போலீஸ் மாதிரி நம்ம ஊரு ஆளுங்களுக்கே போன் பண்ணி மிரட்டிப் பணம் புடுங்கணும், அதான் வேலை. மாட்டேன்னா அடி. சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாரு. என்னால பாக்க முடியல. சலீமோ, "உங்கள அனுப்பினது எவனோ ஏஜென்ட்டுண்ணே, எனக்கு சொந்த மச்சான்"ங்கறான்.

"என்னை அனுப்பினது எங்க சித்தப்பாடா."

நஸ்ரின்

நான் டிக்கெட் போடல. மச்சான்காரன் வேற கடையில போட்டுட்டான். சலீமோட பாஸ்போர்ட்டும் அவன்கிட்டயே இருந்துச்சு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் நஸ்ரின் இடுப்புல குழந்தையோட வந்தா. பிரபு சொன்னதையெல்லாம் சலீம் அவகிட்ட சொல்லியிருக்கான். புருஷனுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்த தம்பி பாஸ்போர்ட்ட என் மேசையில வெச்சா. "அம்மா வீட்ல இருந்தா வந்து புடுங்கிடுவான், நீங்க வெச்சிக்கங்கக்கா"ன்னா. உன் புருஷன் சும்மா விடுவானாடின்னு பதறிக் கேட்டேன்.

"விடமாட்டான். தம்பிய வித்துத்தான் நான் குடும்பம் நடத்தணும்னா, அது எனக்கு வேணாம்க்கா."

இப்பெல்லாம் நான் விசாவப் பாக்கறதுக்கு முன்னாடி, வாங்கிக் கொடுத்தவன் என்ன உறவுன்னுதான் கேக்கறேன்; நெருக்கம் ஜாஸ்தின்னா எனக்குப் பயமும் ஜாஸ்தி.