எனக்கு மட்டும் மரக்கறி

அந்தோனியார் பிறந்தது போர்த்துக்கலில், பேர் எடுத்தது இத்தாலியில். ஆனால் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைக் கேட்டால் அவர் எங்கள் ஊர் ஆள் என்றுதான் சாதிப்போம். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பது அவருடைய வேலை. வீடு பூட்டுகிற திறப்பைக் காணவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அந்த யூன் மாதம் நான் அவரிடம் கேட்டது என் தம்பியை.

இலங்கையில் போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போர் நடந்த வன்னியில் இருந்த தம்பி கடைசியாகப் போனில் பேசியபோது, "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். பிறகு எடுக்கவேயில்லை. நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்கள் ஆட்கள் கூடி, இந்த முறை அந்தோனியார் திருநாள் வேண்டாம், எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு துக்கம் இருக்கிறது என்று பேச்செடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆளைத் தேடித் தாறவரின்ரை திருநாளையே நிப்பாட்டினால் பிறகு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்று எழும்பி நின்று கத்தினேன்.

என் வாய்க்குப் பயந்தே சம்மதித்தார்கள். பாண்ட் இல்லை, வெடி இல்லை. அந்தோனியாரின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவது, பிறகு ஹாலில் எல்லோருக்கும் சாப்பாடு, அவ்வளவுதான். இறைச்சிக்கறியை நானே சமைப்பதாகச் சொன்னேன். தம்பி கிடைக்கவேண்டும் என்று அதையே நேர்த்திக்கடனாக வைத்தேன்.

கொடி ஏறியது, ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கியது. தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போய்விடுவேன். வழக்கமாக வாசலில் நின்று கார் விலை கதைக்கிற என் கணவர், அந்த முறை உள்ளே வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். ஒரு மாலைகூடத் தவறவில்லை. கடைசியில் இந்த மனிசனுக்கும் விசுவாசம் வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. மற்றவர்களும் மாறித்தான் இருந்தார்கள். என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, வருடாவருடம் கறிக்கு உப்புப் போடுவதில் என்னோடு முட்டுகிறவள், இம்முறை எதற்கெடுத்தாலும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றாள். நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

திருநாளன்று மழை தூறியது. சொரூபத்துக்கு மேலே நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். சைக்கிளில் போன டேனிஷ்காரர் ஒருவர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். நான் செருப்பில்லாமல் நடந்தேன். தம்பியைத் தாரும், கையில்லாமல் காலில்லாமல் என்றாலும் தாரும் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஹாலில் என் மகளோடு போய் உட்கார்ந்தேன். அந்த "ஓம் அக்கா" பெண்தான் கறி வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். மகளுக்கு இறைச்சி போட்டாள். என்னைத் தாண்டி, எனக்கு அடுத்திருந்தவருக்குப் போட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கூப்பிட்டேன்.

"எனக்கு எங்கை? சமைச்சவளுக்கே இல்லையோ?"

அவள் திரும்பி வந்தாள். வாளியை வைத்துவிட்டு, வேறொரு சட்டியிலிருந்து பருப்பையும் கத்தரிக்காயையும் அள்ளி என் சோற்றில் வைத்தாள். "இதைச் சாப்பிடுங்கோ அக்கா" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் வெளிறிவிட்டது. கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்தாள்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்காரருக்கு முப்பத்தோராம் நாள் கழியும்வரை மச்சம் பரிமாறுவதில்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. எத்தனையோ செத்தவீட்டுப் பந்தியில் பரிமாறிய கை அது, பழக்கத்தில் தானாகவே என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை, ஒருவரும் என்னைப் பார்க்கவுமில்லை. அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகள் மட்டும் டேனிஷில் என்னம்மா, என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கணவர் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"கொடியேத்தத்துக்கு முதல் நாள். அவன்ரை மனிசி முகாமிலையிருந்து ஆரோ ஒராளின்ரை போனிலை எடுத்தவ. தான்தான் கிடங்கு வெட்டி அவனைத் தாட்டதெண்டு சொன்னா." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீர் நேர்த்தி வைச்சிருந்தனீர். திருநாள் முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நான்தான் எல்லாரிட்டையும் கெஞ்சினனான்."

நான் எழும்பி அவர் நெஞ்சில் அடித்தேன். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, புருஷனை அடித்தேன். யாரும் தடுக்கவில்லை. அவரும் விலகவில்லை.

"செத்துப்போனான் எண்டு தெரிஞ்சுகொண்டு, என்ரை பக்கத்திலை முழந்தாளிலை இருந்து என்னத்தைச் செபிச்சனீங்கள்? சொல்லுங்கோ, என்னத்தைச் செபிச்சனீங்கள்?"

அவர் என் காதருகே குனிந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீர் அவனைத் தேடித் தாரும் எண்டு கேட்டீர். நான் அவன்ரை ஆத்துமத்துக்கு இளைப்பாற்றியைக் குடும் எண்டு கேட்டன்."

திரும்பவும் அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அது போய் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதை விடத் தெரியவில்லை.