நாலு போர்ஷனும் நான் எழுதிய ஒரு வரியும்

வாடகை வாங்குவது உட்கார்ந்து தின்னுற தொழில் என்று சொல்பவர் யாரும் பேங்கில் கடன் வாங்கி வீடு கட்டியிருக்க மாட்டார். கட்டி மாட்டிக்கொண்ட நீங்கள் நான் சொல்வதை நம்புவீர்கள்.

அம்மா கரும்புக் கொல்லையை விற்று, போதாததற்குக் கடன் வாங்கி, கள்ளக்குறிச்சியில் நாலு போர்ஷன் கட்டினாள். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி வீட்டில் இருந்தேன். அதனால் ஒப்பந்தம் எழுதுவது என் வேலை ஆனது. இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் கூட்டமும் மறியலுமாக இருந்த சமயம் அது.

மேனேஜர் கணக்கு

இரண்டு தவணை தவறிவிட்டது. ஐந்து வருடக் கடனைப் பத்து வருடமாக மாற்றித் தரச் சொல்லிப் பேங்குக்குப் போனோம். இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். நாலு போர்ஷனிலும் ஆள் இருக்க வேண்டும், மாத வாடகை போட்டுப் புது ஒப்பந்தம் வேண்டும், மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார் மேனேஜர்.

இரண்டாவது போர்ஷன் போக்கியம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்கள், காலி செய்யும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதையும் வருமானமாகச் சேர்க்கச் சொன்னாள் அம்மா. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுவும் கடன்தாம்மா. ரெண்டு எடத்துல கடன் வாங்கிட்டு நாலு வூட்டுக்காரின்னு சொல்லிக்கினு இருக்கீங்க."

புளிக்காரர்

முதல் போர்ஷனில் பொன்னன். கல்வராயன்மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கி வைக்கும் வியாபாரி. மாதம் ஐந்தாம் தேதி வாடகை என்று எழுதிக் கொண்டுபோனேன். மாதாமாதம் தர முடியாது என்றார். பேங்குக்கு மாதக் கணக்குதான் வேண்டும் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. கடைசியில் மாத வாடகையை அப்படியே போட்டு, ஆறு மாதத்துக்குச் சேர்த்து முன்பணமாகத் தருவதாகத் திருத்தி எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "காலண்டர்ல மாசம் பொறந்தா எனக்கு இன்னா பாப்பா? மரத்த உலுக்கினாதான் எனக்கு மாசம்."

மரம் விழுந்த வாரம்

போக்கியத்தில் இருந்தவர் சுந்தரம் அண்ணன், தையல்காரர். முன்பக்கம் மெஷின் போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சின்னதாக ஒரு வாடகை, போக்கியப் பணம் இனிமேல் அட்வான்ஸ் என்று பேசி முடித்தோம். எழுதும்போது நானாக ஒரு வரி சேர்த்தேன்: வேறு ஆள் குடி வந்த பிறகுதான் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறியல்காரர்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை. சுந்தரம் அண்ணன் குடும்பம் மறியல்காரர்களின் ஜாதி இல்லை. யாரோ ராத்திரி அவர்கள் கதவைத் தட்டி ஜாதிப் பேர் சொல்லிவிட்டுப் போனான். அவர் மனைவிக்கு ஐந்து மாதம். பஸ் விட்டதும் திருக்கோவிலூரில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்கே போய்விடலாம் என்று பணம் கேட்டு வந்தார். நான் அந்த வரியைக் காட்டினேன். அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "நீ எழுதினதுதானே தங்கச்சி, அத இன்னாத்துக்குப் படிக்கணும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அடித்தல்

அன்றைக்கு ராத்திரியே, பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவர அனுப்பினா வூடு காலி, காலின்னா கடன் மாறாது, தெரியுதா?" என்று திட்டினாள். தெரியும் என்றேன். பிறகு அவளே பீரோவைத் திறந்தாள். தவணைக்குச் சேர்த்ததும் பொன்னன் கொடுத்ததும் சேர்த்துப் பாதிப் பணம் கொடுத்தோம். மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். சுந்தரம் அண்ணன் முன்னாலேயே அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பொன்னனும் கடைசி இரண்டு போர்ஷன்காரர்களும் கையெழுத்துப் போட்ட மூன்று ஒப்பந்தத்தோடு பேங்குக்குப் போனோம். நாலாவது எங்கே என்றார் மேனேஜர். காலி என்றேன். ஏன் என்றார். நடந்ததைச் சொன்னேன். மூன்று ஒப்பந்தத்தையும் புரட்டிப் பார்த்தார். "ஆளே இல்லாத போர்ஷனுக்கும் ஒப்பந்தம் எழுதிக்கினு வர்றவங்கதான் ஜாஸ்தி. ஆனா இதுக்காகப் பத்து வருஷம் தர முடியாது. ஏழு தர்றேன், கட்டிடுவியா?"

கட்டிக்கொண்டிருக்கிறோம், இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன், முழுக்கக் கேட்டவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுகிறார்கள், அதனாலேயே இரண்டாவது போர்ஷன் இன்னும் காலியாகக் கிடக்கிறது.