தபால்காரரின் இருபத்தைந்தாவது ஆட்டம்

பத்து விநாடிக்கு ஆறு முறை திரும்பிப் பார்க்கிறார். பந்து தன் காலுக்கு வருவதற்கு முன்னால் இடது தோள், வலது தோள் என்று மாறி மாறி ஆறு முறை. கிளப்பில் வீடியோ பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒருவர் எண்ணிச் சொன்னது இது. மற்ற ஆட்டக்காரர்கள் மூன்று முறை பார்ப்பார்கள், மிஞ்சினால் நான்கு. அந்த வீடியோக்காரருக்குத் தெரியாதது, சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நிற்கும்போதும் இவர் இதே வேகத்தில்தான் பார்க்கிறார் என்பது. வரிசையில் பின்னால் இருப்பவர்கள் தங்கள் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

“பழக்கதோஷம்,” என்கிறார், தக்காளியை எடுத்து வைத்துக்கொண்டே. “யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியலைன்னா எனக்குக் கை கால் ஓடாது.”

வயது முப்பத்தாறு. கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர். பதினேழு வருடத்தில் ஆறு நாடுகள், ஒன்பது கிளப்புகள். போட்ட கோல்கள் பதினொன்று. அதில் ஒன்று எதிரணிக்காரர் முதுகில் பட்டு உள்ளே போனது. அதையும் சேர்த்துத்தான் பதினொன்று என்று அவரே சொல்லிவிடுகிறார். எந்த ஊரிலும் சுவரொட்டியில் அவர் முகம் வந்ததில்லை. அணியில் அவருக்குத் தபால்காரர் என்று பெயர். பின்வரிசையிலிருந்து பந்தை வாங்குவார், முன்வரிசையில் உரிய ஆளின் காலில் சேர்ப்பார், கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல் அடுத்ததை வாங்க ஓடுவார்.

“கோல் போடுறதுக்குன்னு மூணு பேருக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க. அவங்க பொழப்புல நான் ஏன் மண்ணள்ளிப் போடணும்?”

புதிய நாட்டில் இறங்கியதும் முதல் வாரத்தில் நான்கு சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்: பின்னால் ஆள், திரும்பு, விட்டுவிடு, மன்னித்துக்கொள். “இந்த நாலும் இருந்தா எந்த மைதானத்துலயும் பொழைச்சுக்கலாம்.”

“வீட்டுல பொழைக்க நாலாவது ஒண்ணே போதும்,” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. பால்கனியில் அவருடைய பூட்ஸ், உள்ளே பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டுக் காய்கிறது. பூட்ஸ் கழுவுவதற்குக் கிளப்பில் ஆள் உண்டு. ஜெர்சி, காலுறை, பூட்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பெரியவர். “என் வேலையில கைய வெக்கிறான்” என்று அவர் வாரத்துக்கு ஒரு தடவை புகார் சொல்வார். தபால்காரர் கேட்பதில்லை. மதியம் இரண்டு மணிக்கு, விடுமுறை நாளானாலும், நாற்பது நிமிடம் தூங்குவார். எந்த நாட்டு வீடானாலும் படுத்தால் கதவு தெரிகிற மாதிரி கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்வார். மனைவிக்கு எப்போதும் சுவர்ப்பக்கம்தான்.

மனைவி மருந்தாளுநர். அவர் படிப்பு செல்லும் என்று எந்த நாடும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. போகிற இடத்திலெல்லாம் முதலிலிருந்து தேர்வு எழுதச் சொன்னார்கள். ஒரு நாட்டில் மூன்று தாளில் இரண்டு தேறிய வாரம் கணவர் வேறு கிளப்புக்கு மாறினார். இங்கே மூன்றும் தேறி, பஸ் நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடையில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறார். மகளுக்குப் பதினொரு வயது, இது ஐந்தாவது பள்ளி. இங்கேதான் அவளுக்கு ஒரு நெருங்கிய தோழி கிடைத்திருக்கிறாள். இரண்டு பேரும் தினம் சண்டை போடுகிறார்கள்.

“சண்டை போட்டா மறுநாள் போய்ப் பேசணும் இல்லப்பா,” என்றாள் ஒருநாள். “அதுக்கு மறுநாளும் அதே ஸ்கூல்ல இருக்கணும்.”

அவர் ஒப்பந்தத்தை எடுத்து, ஆறாம் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். வயதான ஆட்டக்காரர்களுக்கென்று எழுதுகிற வரி அது: சீசனில் இருபத்தைந்து ஆட்டங்களில் முதல் பாதி முழுவதும் களத்தில் இருந்தால், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். ஒன்று குறைந்தாலும் கிளப் கை குலுக்கி அனுப்பிவிடலாம்.

இருபத்து நான்கு முடிந்திருந்தன. மிச்சம் ஒரே ஆட்டம், சனிக்கிழமை, சொந்த மைதானத்தில். பயிற்சியாளர் பட்டியலில் அவர் பெயரைப் போட்டுவிட்டார். நாற்பத்தைந்து நிமிடம் நின்றால் இந்த ஊரில் இன்னொரு வருடம். அணிக்கும் அன்று தலைக்கு மேல் கத்திதான்: தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும், டிரா செய்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெளியில் யாருக்கும் தெரியவில்லை. ஜெர்சிப் பெரியவருக்கு மட்டும் தெரிந்தது. “தம்பி இடது காலைக் கடன் வாங்கினவன் மாதிரி வெக்கிறான்,” என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அடுத்த நிமிடமே எதிரணியின் வேகமான ஆள் தபால்காரரைத் தாண்டிப் போனான். கோல்கீப்பர் விழுந்து தடுத்தார். அதற்கடுத்த நிமிடம் இன்னொருவன் அதே வழியில் வந்தான். இந்தத் தடவை பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

தபால்காரர் பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். பார்வையாளர் வரிசையில் மனைவியும் மகளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்று.

“நாலே நாலு நிமிஷம்மா,” என்றாள் மகள். “சும்மா நின்னாக்கூடப் போதும்.”

“உங்கப்பாவுக்குச் சும்மா நிக்கத் தெரியாதே.”

களத்தில் அவர் பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மாற்று ஆட்டக்காரர் உள்ளே ஓடினார். தபால்காரர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். “இருபது வருஷமா ஜெர்சி மடிக்கிறேன்,” என்கிறார் பெரியவர். “என்னை எடுத்துடுங்கன்னு தானா கை தூக்கற ஆளு இவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் கால் கழண்டு விழுந்தாலும் எடுத்து மாட்டிக்கிட்டு ஓடுவான்.”

ஆட்டம் கோலில்லாமல் டிராவில் முடிந்தது. அணி பிழைத்தது. வண்டி நிறுத்துமிடம் வரை மகள் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தாள். காரில் ஏறியதும், “ஏம்பா?” என்று மட்டும் கேட்டாள்.

“ரெண்டு தடவை என் வழியாத்தான் வந்தாங்க. மூணாவது தடவை உள்ள போயிருக்கும். அது தெரிஞ்சும் எப்படிம்மா நிக்கிறது?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், “கால் வலிக்குதா?” என்றாள்.

திங்கட்கிழமை கிளப் அலுவலகத்தில் கை குலுக்கினார்கள். சட்டம் போட்ட ஜெர்சி ஒன்று கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் போன் செய்தார். ஏழாவது நாடு தயாராக இருந்தது. தபால்காரர் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

“சார், ரெண்டு வருஷம். வீடு, கார், பாப்பாவுக்கு ஸ்கூல், எல்லாம் பேசிட்டேன்.”

மனைவி தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “நல்ல இடமாத்தான் தெரியுது. போயிட்டு வாங்க. லீவு விட்டா நாங்க வந்து பார்க்கிறோம்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும்?” என்றார் தபால்காரர்.

“நாங்க இங்கதான். பதினாலு வருஷமா நீங்க போன ஊருக்கெல்லாம் நான் பெட்டி கட்டினேன். ஒரு தடவை, எனக்கு வேலை இருக்குற ஊர்ல நீங்க வேலை தேடிப் பாருங்களேன்.” கோபமில்லாமல், காலர் மடிப்பைப் பார்த்தபடிதான் சொன்னார்.

“மேடம், நான் லைன்லதான் இருக்கேன்,” என்றது மேசை.

“இருங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

தபால்காரர் சிரித்துவிட்டார். ஏஜென்டிடம், “இந்த வருஷம் என்னை விட்டுடுங்க சார்,” என்றார்.

பக்கத்து ஊரில் மூன்றாம் பிரிவில் ஒரு அணி இருக்கிறது, ரயிலில் நாற்பது நிமிடத் தூரம். கோல்கீப்பர் பகலில் எலக்ட்ரீஷியன்; தற்காப்பில் நிற்கும் இருவர் ஒரே பேக்கரியில் வேலை செய்கிறார்கள். அதனால் பயிற்சி மாலையில்தான். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஏஜென்ட் இல்லாமல் தானே போன் செய்து வேலை கேட்டார். அந்தக் கிளப்பின் செயலாளர் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு தடவை வைத்துவிட்டார். மூன்றாம் தடவை, அந்தச் செயலாளருக்குப் பழக்கமான ஜெர்சிப் பெரியவர் போனை வாங்கி, “யோவ், நிஜமாவே அவன்தான்யா,” என்று சொல்லவேண்டியிருந்தது.

நேற்று ரயில் நிலையத்தில் சீசன் டிக்கெட் வாங்கப் போனார். ஒரு மாதத்துக்கா, மூன்று மாதத்துக்கா, ஒரு வருடத்துக்கா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். தபால்காரர் தன் புகைப்படத்தை ஜன்னலுக்குள் நீட்டி, “ஒரு வருஷத்துக்கு,” என்றார். பயிற்சி அடுத்த மாதம் முதல் தேதி தொடங்குகிறது. மாலை ஐந்து பத்து வண்டி.