சூசை அண்ணையின் பத்துக் கம்பி

கிற்றார் திருத்துகிற கடைக்கு வருகிறவர்களில், பிழை தன்னிடம் இருக்கலாம் என்று நினைத்து வந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பல் கட்டுகிறவர்களே, கண்ணாடி விற்கிறவர்களே, தையல்காரர்களே, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாலே கடையைப் பூட்ட நினைக்கிற என் சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் கடை குருநகரில். எங்கள் தேவாலயத்தின் போன திருநாளுக்கு முந்திய மாதம் முழுவதும் என்னை ஆட்டிவைத்தவர் சூசை அண்ணை. கடல் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு இருந்தவருக்குக் கனடாவிலிருந்து தம்பி ஒரு பெடல் ஸ்டீல் கிற்றார் அனுப்பியிருந்தார். மேசை போல நாலு காலில் நிற்கும். மேலே பத்துக் கம்பி. அவற்றின் கீழே, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தம், பிக்கப் என்போம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வலது காலுக்கு ஒரு மிதி. திருநாள் பூசையில் அதை வாசித்துவிட வேண்டும் என்று அண்ணைக்கு உயிர் ஆசை. பாட்டுக்குழுவை நடத்தும் திரேசா ரீச்சரோ, "ஒத்திகையிலை ஒருக்காக் கேப்பன். காதைக் குத்தினா கிற்றார் வெளியிலை" என்று சொல்லிவிட்டார்.

நல்ல நூல்

மூன்றாவது கம்பி ஊமையாகிவிட்டது என்று அண்ணை கடைக்கு வந்தார். பார்த்தால், அறுந்த கம்பிக்குப் பதிலாக மீன் பிடிக்கிற தங்கூசி நூலை அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார். சுதிகூடச் சரி. பிக்கப்புக்கு இரும்புக் கம்பிதான் தெரியும், நைலோன் தெரியாது என்று நான் விளக்கியது அவருக்கு மானப் பிரச்சினையாகப் போய்விட்டது.

"பாரை மீனே அறுக்காத நூல் தம்பி. உந்தக் காந்தத்துக்கு அப்பிடி என்ன பெருமை?"

இன்னும் கொஞ்சம்

புதுக் கம்பி போட்டதும் சத்தம் காணாது என்றார். பிக்கப்பின் திருகாணிகளைக் கால் சுற்றுச் சுற்றி, கம்பிக்குக் கிட்ட உயர்த்தினேன். மறுநாள், இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாளும். நாலாம் நாள், இனி உயர்த்தினால் கம்பி காந்தத்தில் முட்டும் என்ற நிலை. நானும் மனிதன்தானே! ஸ்குறூ டிரைவரைத் திருகாணியில் படாமல் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பழிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். அவர் கண்ணை மூடி வாசித்தார்.

"ஆ! இப்பத்தான் உது வாய் திறந்து கதைக்குது."

மறு தரப்பு

அன்று பின்னேரமே அவருடைய மனைவி மேரி அக்கா கிற்றாரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணைக்குத் தெரியாமல் பிக்கப்பை இறக்கிவிட வேண்டுமாம். சந்தோசமாக இறக்கினேன். சத்தம் தெளிவாகவும் கீச்சிடாமலும் வருகிற இடத்தில் நிறுத்தி, இதைவிடச் சரியான உயரம் இல்லை என்று சத்தியமும் செய்தேன்.

"அவர் நாப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்து காதைக் குடுத்திட்டார். என்ரை காது இன்னும் வேலை செய்யுது தம்பி."

ஒத்திகை

சனிக்கிழமை ஒத்திகைக்கு அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் பாட்டிலேயே ரீச்சர் காதைப் பொத்தினார். பாடுகிறவர்களின் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. அண்ணையின் முகம் செத்துப்போனது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிக்கப்பில் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு வழி தெரியாமல் குனிந்து, பழைய காற்றுச் சுற்றையே சுற்றினேன். அண்ணை திரும்ப வாசித்தார். இந்தமுறை கிற்றார் பாட்டுக்குப் பின்னால் அடக்கமாக நடந்து வந்தது. "உவ்வளவு சத்தம் காணும். திருநாளுக்கு வாங்கோ" என்றார் ரீச்சர். என் கைக்கு இவ்வளவு மகிமையா என்று நானே நம்பத் தொடங்கிய நேரம், அண்ணை என் காதுக்குள் சொன்னார்:

"நீ திருகாணியைத் தொடேல்லை தம்பி. அண்டைக்கும் தொடேல்லை. உன்ரை முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது, அதுதான் அண்டைக்கு மிதியை அமத்தினனான், இண்டைக்குத் தளர்த்தினனான்."

அதற்குப் பிறகு யார் வந்து "இன்னும் கொஞ்சம்" என்றாலும், திருகாணியைப் பார்க்கும் முன் அவர்களுடைய காலைத்தான் பார்க்கிறேன்.