கைதட்டக் கூடாத கதை

திண்டுக்கல்லில் ஒரு பழைய தோல் கிடங்கு. தோல் காயப்போட்ட கம்பிகளில் இன்று ஓவியங்கள் தொங்குகின்றன. வாடை மட்டும் போகவில்லை. மனசுக்கு முடியாமல் போவதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவதற்காக ஊர்க்காரர்களே நடத்தும் கதை சொல்லும் மாலை நிகழ்ச்சி இது. பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் உள்ளே நுழைகிறேன்.

அகரத்தில் பூ விவசாயம் செய்யும் செல்வி மைக்கில் பேசுகிறார். "தோட்டத்துல மல்லி பூத்துக் கெடக்கு. பறிக்க ஆளில்ல. எனக்குப் படுக்கைய விட்டு எந்திரிக்க முடியல. வீட்டுக்காரரு சோம்பேறின்னாரு..."

அதோடு நின்றுவிடுகிறார்.

முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டுகிறேன். எனக்கு எதிலும் அவசரம். கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிடங்குக்காரர் காதர் பாய் என் கையைப் பிடிக்கிறார்.

"தட்டாதீங்க தம்பி. போதும், எறங்குன்னு சொன்ன மாதிரி ஆயிரும். இங்க 'ம்' தான் போடணும்."

"அவங்க பேசவே இல்லையே, பாய்?"

"அப்பத்தான் போடணும். செத்த நேரம் பாருங்க."

கூட்டம் "ம்" என்கிறது. செல்வி தரையையே பார்க்கிறார். மறுபடியும் "ம்". அப்போது கடைசி வரிசையிலிருந்து, தனியாக, கரகரத்த குரலில் ஒரு "ம்" வருகிறது.

"அவங்க வீட்டுக்காரரு," என்கிறார் பாய் மெல்ல. "எப்பவும் கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே நிப்பாரு. இன்னைக்குத்தான் உள்ள வந்திருக்காரு."

செல்வி நிமிர்கிறார். "சோம்பேறின்னாரா..." என்று விட்ட இடத்தில் தொடங்குகிறார்.

என் பஸ் போயிருக்கும். நானும் "ம்" போடுகிறேன்.