முதுகு வரைகிற இஷாம்

காத்தான்குடி இஷாமின் படக்கதைகளில் ஒருவருக்கும் முகம் கிடையாது. தோணி வலிக்கிறவரின் முதுகு தெரியும். மீன் விற்கிறவரின் பிடரியும் தராசு பிடித்த கையும் தெரியும். கலியாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறவர்களின் தொப்பிகள் தெரியும். அப்படியிருந்தும் ஊரார் தோள் சரிவை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். "இது நம்மட பக்கீர் காக்காதானே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பக்கீர் காக்காவும் அந்தப் பக்கத்தைத் தன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டுவார்.

வாவி மீனவர்களைப் பற்றிய முதல் புத்தகம் வந்த கையோடு இஷாமுக்குப் பேர் கிடைத்துவிட்டது. இன்றைக்கு மட்டக்களப்பில் படக்கதை வரைகிற இளசுகளில் பாதிப் பேர் முதுகுதான் வரைகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும்கூட அந்தக் காய்ச்சல் பரவியிருக்கிறது. கல்குடாப் பெண்ணொருத்தி தன் காதல் கதை முழுவதையும் இரண்டு முதுகுகளாலேயே வரைந்து முடித்தாள். விமர்சகர்கள் சும்மா இருப்பார்களா? அடையாளம் பறிபோன மனிதன் என்று ஒருவரும், போருக்குப் பிந்திய மௌனம் என்று இன்னொருவரும் எழுதித் தள்ளினார்கள். இஷாம் மறுக்கவில்லை. மேடையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

உண்மைக் காரணம் அவருடைய உம்மா கைறுன்னிஸா. தொழுகிற வீட்டில் உருவப்படம் கூடாது என்பது அவருடைய உறுதி. மகன் சின்ன வயதில் பாடசாலைக் கொப்பியில் ஒரு முகத்தை வரைந்தபோது அவர் அடிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. "மனே, மொகம் மட்டும் வேணா. மத்ததெல்லாம் வரை," என்று சொன்னார், அவ்வளவுதான். மகன் உலகத்தையே மறுபக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டார். இவ்வளவு செய்தும் உம்மா அவருடைய புத்தகங்களைப் பார்க்கிறதில்லை. புதிதாக ஒன்று வந்தால் கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, அல்மாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மார்க்கப் பற்று என்று இஷாமும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது வரைந்துகொண்டிருப்பது உம்மாவின் கதையைத்தான். வாப்பா இறந்த பிறகு உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்போது இஷாம் கைக்குழந்தை. உம்மாவின் தங்கை றம்லா சாச்சிதான் வளர்த்தார். உம்மா திரும்பி வரும்போது பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். உம்மா வேலையோடு வேலையாகக் கதை சொல்லச் சொல்ல, இஷாம் வருடக்கணக்காக வரைந்து வந்தார். தேற்றாத்தீவைச் சேர்ந்த பதிப்பாளர் ரதீஸ் அவருடைய கூட்டாளி. அவரிடம் இஷாம் முதலிலேயே சொல்லியிருந்தார்: "உம்மா பார்த்து ஓமெண்டாத்தான் அச்சுக்குக் குடுப்பன். இல்லாட்டி இந்தப் புத்தகமே இல்ல."

எல்லாம் முடிந்து கடைசிப் பக்கம் மட்டும் அடம்பிடித்தது. உம்மா வந்திறங்கிய நாள் அது. வாசலில் வேன் நிற்கிறது, கறுப்பு அபாயா போட்ட ஒருவர் இறங்குகிறார், பிள்ளை திரும்பி ஓடுகிறது, அவர் யாரென்று அதற்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வீட்டில் ஒரு போட்டோகூட இருந்ததில்லை. பாஸ்போட்டில் இருந்த ஒரேயொரு படமும் பிறகு சுனாமியோடு போய்விட்டது. "மச்சான், இந்த ஒரு கட்டத்தில மட்டும் முகத்தப் போடு. அதுதானே கதையே," என்றார் ரதீஸ்.

இஷாம் உம்மாவின் இன்றைய முகத்தில் சுருக்கங்களைக் குறைத்து வரைந்து பார்த்தார். அழித்து அழித்துத் தாள் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போது அவருக்கு உம்மாமேல் கோபம் வந்தது. ஒரே ஒரு படத்தை வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்ற கோபம். அது அவருக்குள் பல காலமாக இருந்த கோபம்தான்.

ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா குசினி வாசலில் இருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார். இஷாம் அந்த அரைகுறை முகத்தோடேயே தாள்கட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். உம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். குவைத்துக் குசினியைக் கண்டு சிரித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது ஆருடா?"

"நீங்கதான் உம்மா. வந்திறங்கின அண்டு." மொகம் வரைந்ததற்கு ஏச்சு விழப்போகிறது என்று இஷாம் காத்திருந்தார்.

"அண்டைக்கு நீ என்ட மொகத்த எங்க பார்த்த? நான் வேன்ல இருந்து கால வைக்கக்குள்ளயே நீ திரும்பி ஓடிட்டாய். நான் கண்டது உன்ட முதுகத்தான்."

உம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உன்ட பொத்தகத்த நான் ஏன் திறக்கிறல்லண்டு நினைச்ச?"

"மார்க்கத்துக்குத்தானே உம்மா."

"மொகமில்லாத படத்துக்கு மார்க்கம் என்னடா சொல்லப்போகுது? மொதப் பொத்தகத்தில ரெண்டு பக்கம் பார்த்தன். எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிண்டாங்க. எனக்கு நீ ஓடினதுதான் கண்ணுக்குள்ள வந்த. மறுகா திறக்கல்ல."

இஷாம் இடிந்துபோனார். உம்மாவுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துத்தான் அவர் அத்தனை முதுகுகளையும் வரைந்தார். ஒவ்வொன்றும் உம்மாவைக் குத்தியிருக்கிறது. அதைத்தான் ஊரெல்லாம் இப்போது பழகிக்கொண்டிருக்கிறது.

"அப்ப இந்தப் பொத்தகம் வேணாமா?" என்றார்.

உம்மா கடைசித் தாளைத் தட்டிக் காட்டினார். "முடிவுதான் பிழை. நீ ஓடினதோட முடிச்சிட்டாய். மறுகா வந்ததானே?"

"எப்ப வந்த?"

"ஹஜ்ஜுப் பெருநாளண்டு. நீ சாச்சிட கையப் பிடிச்சிட்டே என்னப் பார்த்திட்டு இரிந்த. மறுகா எழும்பி வந்து, ஒண்டும் பேசாம என்ட மடியில குந்தி வாயத் திறந்த. நான் வட்டிலாப்பம் ஊட்டினன்."

இஷாம் எவ்வளவு தேடியும் அந்தப் பெருநாள் நினைவுக்கு வரவில்லை. ஓடியது மட்டும் இத்தனை வருடமாகப் பசுமையாக இருந்தது.

"எனக்கு அது ஞாபகமே இல்லியே உம்மா."

"உனக்கு என்னத்துக்கு? எனக்கு இரிக்கிதானே."

இஷாம் பழைய பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறுந்தாள் ஒன்றை எடுத்தார். மடி, அதை நோக்கி வருகிற இரண்டு சின்னக் கால்கள், நீட்டிய கை என்று கோடுகள் விழுந்தன. உம்மா குனிந்து பார்த்தார்.

"சாச்சிட கைய விட்டிட்டெல்லோ வந்த. அந்தக் கைய எங்க? அவதான் உன்ன வளர்த்த. நீ எழும்பி வரக்குள்ள அவட கை வெறுங்கையா நிண்ட. அதையும் வரை."

இஷாம் தாளின் ஓரத்தில் றம்லா சாச்சியின் கையை வரைந்தார். அது சரியாக வந்த பிறகுதான் உம்மா ஓம் என்றார்.